அங்கன்வாடி விளையாட்டுப் பொருட்கள்: பயிற்சியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும், சில தனியார் குழந்தைக் காப்பகங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் விளையாட்டுப் பொருட்களைத் தேர்ந்தெடுப்பது, பயன்படுத்துவது பற்றிப் பயிற்சி அளித்து வருகிறேன். எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. கூட்டத்தில் கேட்கத் தயங்கி, சாப்பாட்டு நேரத்தில் அருகில் வந்து கேட்டவையும் இதில் இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களை இயன்றவரை அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள் மேடம், பாதுகாப்பான பொம்மை என்றால் எது?

பொருளை மட்டும் கையில் எடுத்துப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. கோத்து விளையாடும் மர மணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது விரல்களுக்கும் எண்ணுவதற்கும் அருமையான பயிற்சி. ஒன்றரை வயதுக் குழந்தையின் கைக்குப் போனால் அதே மணி மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

எனவே மூன்று கேள்விகளாகப் பிரித்துக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். இது யார் கைக்குப் போகிறது? அப்போது அருகில் யார் இருப்பார்கள்? இன்று காலை இந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது? கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த மூன்றையும் சுற்றித்தான் வருகின்றன.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

முத்திரை இருப்பதைத்தான் வாங்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அது கட்டாயம். முத்திரையின் மேலே தர எண் இருக்கும்: சாதாரணப் பொம்மைக்கு ஐ.எஸ். 9873, மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்குவதற்கு ஐ.எஸ். 15644. கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உரிமம் உண்மையானதா, எந்தப் பொருளுக்கானது என்று தெரிந்துவிடும். செல்பேசியில் ஒரு நிமிட வேலை. பெட்டியில் சி.இ. என்ற ஐரோப்பியக் குறி அச்சிட்டிருப்பது ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு ஈடாகாது.

ஆனால் முத்திரை சொல்வது, தொழிற்சாலையிலிருந்து கிளம்பிய நாளில் அந்தப் பொம்மை எப்படி இருந்தது என்பதைத்தான். ஆறு மாதம் இருபது குழந்தைகள் இழுத்து, கடித்து, எறிந்த பிறகு சக்கரம் ஆடுகிறதா, கண் பிய்ந்து வருகிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

திருவிழாக் கடையில் வாங்கும் மரச் சொப்பு, தலையாட்டிப் பொம்மையில் முத்திரை எங்கே இருக்கிறது? அதெல்லாம் தப்பா?

தப்பில்லை. அரசிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இங்கே முத்திரைக்குப் பதில் நம் கண்ணும் கையும் வேலை செய்ய வேண்டும். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்துப் பொம்மை போல அரக்குப் பூச்சு ஏற்றிக் கடைந்த மரப் பொம்மைகள் சிறு கைகளுக்கு ஏற்றவை. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானில் குட்டிக் கரண்டி, குட்டித் தம்ளர் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை காகிதக் கூழும் வண்ணமும் சேர்ந்தது. கதை சொல்லும்போது அலமாரியிலிருந்து இறங்கி வரட்டும், கதை முடிந்ததும் திரும்பிப் போகட்டும்.

ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் அதை வாங்காதீர்கள். ஒட்டவில்லை என்பதற்காக நஞ்சான ஈயம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது, அது கண்ணுக்குத் தெரியாது. வீட்டு வண்ணப் பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முன்பு வாங்கிய டப்பாக்கள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்டை மரக் குதிரைக்கு அடிக்கும் வழக்கத்தை நான் பல மையங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சந்தேகம் இருந்தால் வண்ணமே பூசாத மரம் போதும்.

சின்னப் பொருள், சின்னப் பொருள் என்கிறீர்கள். எவ்வளவு சின்னது? அளவு சொல்லுங்கள்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கிப் போகும் எதுவும் குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியது. இதை நாமே செய்துகொள்ளலாம். 5.7 செ.மீ. அகலமுள்ள கெட்டி அட்டைப் பட்டையில் 10 செ.மீ. தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். பட்டையின் முனை சரியாக அந்தக் கோட்டைத் தொடும்படி வளைத்து, மீதியை வெளிப்பக்கமாக ஒட்டிவிடுங்கள். சுற்றளவு 10 செ.மீ. என்றால் விட்டம் ஏறக்குறைய அந்த 31.7 மி.மீ.தான் வரும். இந்தக் குழாய்க்குள் முழுவதுமாக மறைந்துவிடும் பொருள் சிறியவர்கள் பக்கம் வரக் கூடாது. பயிற்சியில் எல்லோரையும் ஒரு குழாய் செய்யவைத்து, கைப்பையில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்க்கச் சொல்வேன். தண்ணீர்ப் பாட்டில் மூடி உள்ளே போகும். பத்து ரூபாய் நாணயமும் போகும், அதன் விட்டம் 27 மி.மீ.தான். அந்த இடத்தில் அறை கொஞ்சம் அமைதியாகிவிடும்.

பந்துக்கு இந்தக் குழாய் போதாது. உருண்டைப் பொருள் தொண்டையில் வழுக்கிப் போய் இறுக்கமாக அடைக்கும் என்பதால் அளவு இன்னும் கடுமையானது: 44.5 மி.மீ.க்குக் குறைந்த பந்து மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆகாது. மேசைப் பந்து 40 மி.மீ.தான், அதுவும் விலக்குதான். டென்னிஸ் பந்து அளவு இருந்தால் கவலை இல்லை.

எங்கள் மையத்தில் இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில்தான் இருக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?

சுவர் எழுப்ப முடியாது, ஆனால் நேரத்தாலும் உயரத்தாலும் பிரிக்கலாம். குழாய்ச் சோதனையில் உள்ளே போன பொருட்கள் எல்லாம் சிறியவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சிறியவர்கள் தூங்கும் நேரத்திலோ, உதவியாளர் அவர்களை வெளியே கூட்டிப்போகும் நேரத்திலோ மட்டும் கீழே வரட்டும். பெரியவர்கள் ஒரு பாயில் உட்கார்ந்து விளையாடினால் சிதறுவது குறையும்.

டப்பாவின் மேல் எண்ணிக்கையை எழுதி ஒட்டுங்கள்: மணி 24, சோழி 12. எடுக்கும்போதும் வைக்கும்போதும் பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை அடுத்த வேலை கிடையாது. கணக்குப் பாடமும் பாதுகாப்பும் ஒன்றாக நடந்துவிடும்.

புளியங்கொட்டை, சோழி, கூழாங்கல் எதுவும் கூடாதா? நாங்கள் எல்லாம் பல்லாங்குழி ஆடித்தானே வளர்ந்தோம்?

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்த ஆட்டத்தை இழப்பதில் எனக்குத் துளியும் விருப்பமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள், எண்ணி எடுத்த கொட்டைகள், பாயில் கூடவே உட்கார்ந்திருக்கும் நீங்கள் என்றால் தாராளமாக ஆடலாம். மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். புளியங்கொட்டையும் சீத்தாப்பழ விதையும் நிலக்கடலையும் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கி, மருத்துவமனையில் குழாய் விட்டு எடுக்கப்படும் பொருட்களில் வழக்கமானவை. மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதும் உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் ஒரு குழந்தையைச் சுற்றிப் பாட்டி, அத்தை, அக்கா என்று நான்கு பேர் இருந்தார்கள். உங்கள் மையத்தில் இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பேர்.

விதைகளில் சில எந்த வயதுக்கும் ஆகாதவை: குன்றிமணி, ஆமணக்கு, அரளி, ஊமத்தை, காட்டாமணக்கு. குன்றிமணி முழுதாக விழுங்கப்பட்டால் கெட்டித் தோல் காரணமாக அப்படியே வெளியேறிவிடக்கூடும். மென்றாலோ, மாலை கோக்கத் துளை போட்டிருந்தாலோ உள்ளிருக்கும் நஞ்சு உடலில் இறங்கும், அது உயிரைப் பறிக்கும். விநாயகர் சதுர்த்தி முடிந்த வாரம் களிமண் பிள்ளையாரின் கண்ணிலிருந்து பெயர்த்த குன்றிமணியைப் பிள்ளைகள் சட்டைப் பையில் கொண்டுவருவார்கள். அந்த வாரம் பைகளை ஒரு முறை பாருங்கள், தாய்மார்களிடமும் சொல்லுங்கள்.

அப்படியானால் கையால் செய்யும் பொருட்களை விட்டுவிட வேண்டியதுதானா? கடையில் வாங்க எங்களிடம் பணம் இல்லை.

விடவே கூடாது. விலை உயர்ந்த பொம்மையை விட, பழைய சேலையில் தைத்த துணிப்பந்தும், நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கிய தேங்காய்ச் சிரட்டையும், பெரிய அட்டைப்பெட்டியும் அதிக நேரம் விளையாட்டைத் தாங்கும். பெட்டி ஒரு நாள் பஸ், மறுநாள் வீடு.

செய்யும்போது தவறு நடக்கும் இடங்கள் சில. அட்டைகளை ஸ்டேப்ளர் பின்னாலும் குண்டூசியாலும் இணைப்பது: பசையோ நூலோ போதும். பாட்டிலில் கற்கள் போட்டுக் கிலுகிலுப்பை செய்து மூடியை வெறுமனே திருகிவிடுவது: ஒரு மாதத்தில் மூடி கழன்று, மூடி, கற்கள் என்று இரண்டு ஆபத்துகள் வெளியே வரும். அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காமல் நீங்களே ஆட்டிக் காட்டுங்கள். பனை ஓலையில் செய்வதானால் மட்டையின் கருக்கு ஓரம் துளியும் இருக்கக் கூடாது. பூச்சிமருந்து, மருந்து, ஆசிட், பினாயில் இருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். வாசனை போவதும் நஞ்சு போவதும் வேறு வேறு. குழந்தை அந்த டப்பாவை விளையாட்டுப் பொருளாகப் பழகிக்கொண்டால் வீட்டில் நிறைந்த டப்பாவையும் திறந்து பார்க்கும்.

களிமண்ணையும் மாவையும் பிள்ளைகள் தின்றுவிடுகிறார்களே?

தின்னும் வயதுப் பிள்ளைகளுக்குச் சப்பாத்திக்குப் பிசைவது போல உப்பில்லாமல் கோதுமை மாவைப் பிசைந்து கொடுத்து, அன்று மாலையே எறிந்துவிடுங்கள். நாள்பட இருக்க வேண்டும் என்று கைநிறைய உப்பு சேர்ப்பார்கள். அந்த மாவை நிறையத் தின்றால் சிறு உடலுக்கு உப்பே விஷம். நிறத்துக்குப் பீட்ரூட் சாறும் கீரைச் சாறும் நல்லவை. உதிரியாக வாங்கும் மஞ்சள்தூளைத் தவிர்க்கிறேன், ஏனெனில் நிறம் தூக்கலாகத் தெரிய ஈய குரோமேட் என்ற நச்சு நிறமி கலப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. கோலம் போடப் பழக்குவதற்கு வண்ணக் கோலப்பொடி வேண்டாம், அது நுண்ணிய கல்தூள். அரிசி மாவு போதும்.

களிமண்ணைக் குயவரிடம் வாங்கி, கண்ணாடிச் சில்லு இல்லாமல் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை தினமும் மண்ணைத் தேடித் தின்றால் அதைக் குறும்பு என்று அதட்டாதீர்கள். இரத்தசோகையோ குடற்புழுவோ காரணமாக இருக்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.

பிறந்தநாளுக்கு யாராவது பெட்டி நிறையப் பொம்மை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம். "முதலில் நாங்கள் பார்த்துவிட்டு எடுக்கிறோம்" என்று சொல்லி வாங்கி வையுங்கள், கொடுத்தவர் முன்னால் பிரித்து விநியோகிக்காதீர்கள். பிறகு தனியாக உட்கார்ந்து நான்கு பொருட்களைத் தேடுங்கள். பொத்தான் பேட்டரி: பாட்டுப் பாடும், மினுமினுக்கும் பொம்மையில் அதன் மூடி திருகாணியால் பூட்டப்படாமல் இருந்தால் பொம்மையே வேண்டாம். விழுங்கப்பட்ட பேட்டரி உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். சிறு காந்தங்கள்: இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள்: வயிற்றுக்குள்ளும் பெருக்கும், பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. நான்காவது பலூன்.

பலூன் கூட இல்லாமல் பிறந்தநாளா?

ஊதிய பலூன் சுவரில் உயரத்தில் இருக்கட்டும். ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும்தான் ஆபத்து. தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் ரப்பரை முதுகில் தட்டி வெளியேற்றுவது மிகவும் கடினம். வண்ணக் காகிதத் தோரணம் கட்டினால் பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள்.

தினமும் எல்லாவற்றையும் சோதிக்க எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

தனி நேரம் தேவையில்லை. காலையில் பொருட்களைப் பாயில் எடுத்து வைக்கிறீர்கள் அல்லவா, அப்போதே ஒவ்வொன்றையும் தடவி, இழுத்துப் பாருங்கள். விரலில் சிராய் குத்துகிறதா, தையல் பிரிகிறதா, சக்கரம் கையோடு வருகிறதா? சந்தேகமானதைப் பழுதுப் பெட்டி என்று ஒதுக்கிய ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மேலே வைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். திங்கட்கிழமை மட்டும் கூடுதலாக ஒன்று: தரையில் முட்டி போட்டு, குழந்தையின் கண் உயரத்திலிருந்து அறையைப் பாருங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத ஆணி, பீரோவுக்கு அடியில் உருண்ட மணி, தொங்கும் ஒயர் எல்லாம் அங்கிருந்து தெரியும்.

பொம்மைகளை பினாயில் போட்டுக் கழுவலாமா?

வேண்டாம். பொம்மை குழந்தையின் வாய்க்குப் போகும் பொருள். சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தால் போதும். வாயில் வைப்பவை தினமும், மற்றவை வாரம் ஒரு முறை. யாருக்காவது வயிற்றுப்போக்கோ வாந்தியோ என்றால் அவர் தொட்டவை அன்றே.

வெளியில் விளையாடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சித்திரை வைகாசி வெயிலில் தகரச் சறுக்கு மரம் தோலைச் சுட்டுவிடும், ஏற்றுவதற்கு முன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சறுக்கிலும் ஊஞ்சலிலும் ஏறும் குழந்தையின் கழுத்தில் தாயத்துக் கயிறு, நீளச் சங்கிலி, துப்பட்டா இருந்தால் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். தள்ளி, இழுத்து ஓடும் வண்டிகளில் ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கயிறு 22 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும்.

தூளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் காலித் தூளியை அப்படியே தொங்க விடுகிறோம். பெரிய பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றுவார்கள், சேலை கழுத்தில் இறுகினால் சத்தம் கூட வராது. குழந்தையை எடுத்த கையோடு தூளியை மேலே சுருட்டிக் கட்டுங்கள். தண்ணீர் விளையாட்டும் அப்படித்தான். அதைப் போல மலிவான, நல்ல விளையாட்டு வேறில்லை. ஆனால் நீங்கள் நகர்வதற்கு முன்பு அகலப் பாத்திரமும் வாளியும் கவிழ்ந்திருக்க வேண்டும், சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடும்.

இத்தனை பார்த்தும் தொண்டையில் சிக்கிவிட்டால்?

குழந்தை இருமுகிறது, அழுகிறது என்றால் மூச்சு போகிறது. இருமவிடுங்கள். சத்தமே வராமல் திணறினால் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முன்னால் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைத் தொடங்க வேண்டும். இவற்றைப் படித்தால் கைக்கு வராது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒரு பொம்மையை வைத்துச் செய்து பழகுங்கள்.

பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, குழந்தை சிரித்து விளையாடினாலும், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுக்காதீர்கள். அதே போன்ற இன்னொரு பொருள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது. ஆனால் எல்லாவற்றையும் இன்னும் வாயில்தான் வைக்கிறான். அவனை எந்தக் குழுவில் உட்கார வைப்பது?

நண்பர்களோடு, பெரியவர்கள் பாயிலேயே. பொருளை மட்டும் அவனுக்கேற்ப மாற்றுங்கள். முதல் பதிலில் சொன்ன "யார் கைக்கு" என்பது பதிவேட்டில் உள்ள வயதைக் குறிக்கவில்லை. மற்றவர்கள் மணி கோக்கும்போது அவனுக்குக் குழாயில் அடங்காத பெரிய மர வளையங்களையும் தடித்த கயிற்றையும் கொடுங்கள். சின்னவர்களோடு உட்கார வைத்தால் அவனுக்குப் புரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகப் புரியும்.

உடைந்தால் என் தலையில்தான் விழும். இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

இதைச் சொல்லும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருக்கும் கட்டைகளால் எந்தக் குழந்தையும் அடுக்கப் பழகவில்லை. வெளியே கையில் எதுவும் இல்லாத பிள்ளைகள் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள்: கதவுக் கொண்டி, ரப்பர் வளையம், சாக்கடை ஓரத்து மூடி. பூட்டிய பீரோ உள்ள மையங்களில்தான் குழந்தைகள் கையில் ஆகாத பொருட்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தேய்மானத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள். பொருள் உடைந்த அன்றே தேதி, பொருள், எப்படி உடைந்தது என்று ஒரு வரி எழுதி, செல்பேசியில் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். அவர் வரும்வரை உடைந்ததை எறிய வேண்டாம், தனியே கட்டி வையுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுக்கவும் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கீழே இருக்கட்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

மேற்பார்வையாளராக இப்போது நானே பயிற்சி கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் கூட்ட அரங்கில் தவறுகிறோம். நூறு பேரை உட்கார வைத்துப் படம் காட்டினால் தலையாட்டுவார்கள். ஒரு மையத்தில் எட்டுப் பேரைத் தரையில் உட்கார வைத்து, அங்கே இருக்கும் பொருட்களையே நடுவில் கொட்டி, "எது இருக்கலாம், எது வேண்டாம், ஏன்?" என்று பிரிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். உதவியாளரைக் கட்டாயம் அழையுங்கள். பொருளைக் கழுவுவதும் பெருக்கும்போது மணியைக் கண்டெடுப்பதும் அவர்தான், ஆனால் பயிற்சிக்கு அவரைக் கூப்பிடுவதே இல்லை.

அடுத்த முறை மையத்துக்குப் போகும்போது முதலில் பதிவேட்டைக் கேட்காதீர்கள், பாயில் உட்காருங்கள். பழுதுப் பெட்டியில் ஏதாவது இருந்தால் பாராட்டுங்கள், அது காலியாக இருந்தால்தான் விசாரிக்க வேண்டும். உடைந்த பொம்மைக்கு உங்களிடமிருந்து முதல் முறை என்ன வார்த்தை வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பணியாளர் பீரோவைத் திறப்பதா பூட்டுவதா என்று முடிவு செய்வார்.